பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக்

1

இந்தக் கதை குளிக்கும்போது தோன்றியது, கனவில் வந்தது என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதைப் படிக்கப்போகும் முதல் ஆள் என் நாத்தனார். அவரிடம் பொய் செல்லாது. ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை அவர்தான் எழுதச் சொன்னார். சொன்னார் என்பதுகூட மரியாதைக்கு. உத்தரவு போட்டார்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான். மருத்துவமனை நடைவழி. எதிர்ச்சுவர் டிவியில் சத்தமில்லாமல் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இத்தனை வருஷமா என்னென்னமோ எழுதற. யாரும் படிக்கற மாதிரி தெரியல. என்னைப் பத்தி எழுது. நான் ஒருத்தியாவது படிப்பேன்.”

“உங்களைப் பத்தி என்னக்கா எழுதறது?”

“இதைத்தான்.” பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். “ரெண்டு கண்டிஷன். ஒண்ணு, படிக்கறவங்களை அழ வைக்காத. உனக்கு அது கைவந்த கலை. இன்னொண்ணு அப்புறம் சொல்றேன்.”

இரண்டாவது நிபந்தனையைச் சொல்ல அவர் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டார். அதற்குள் நான் முக்கால் கதையைத் தப்பாக எழுதி முடித்திருந்தேன்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணவரின் அக்கா.* நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், “ஒழுங்கா பார்க்கிங் பண்ணத் தெரிஞ்சவன் ஒருத்தனும் வரல” என்று ஒரே பதில். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றால் ஒரு கார், ஒரு பலகை, அவர். அந்தக் காரில் பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சொதப்பும்போது அவர் மிதிப்பதற்கு. வருடக்கணக்காக மிதித்து மிதித்து, இப்போது எதில் ஏறினாலும் அவருடைய வலது கால் தானாக அழுந்தும். பஸ்ஸில் மிதிப்பார். சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது, கார் துரத்தும் காட்சி வந்தால் எங்கள் வீட்டுத் தரையை மிதிப்பார். மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. அவருடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவருக்கு வந்திருப்பது, கல்லீரலுக்குள் ஓடும் சின்னப் பித்தக் குழாய் ஒன்றில் புற்றுநோய். வெட்டி எடுக்கலாம். ஆனால் இப்போதைக்கு முடியாது. கட்டி ஒரு பெரிய ரத்தக்குழாயின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது. அதைச் சுருக்க, கதிர்வீச்சு உள்ள நுண்ணிய மணிகளை உள்ளே அனுப்பிப் பார்க்கப்போகிறார்கள். சுருங்கி விலகினால் கத்தி வைக்கலாம். விலகாவிட்டால்—

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பல முறை முயன்றேன். டாக்டரும் இங்கேதான் நிறுத்தினார். அவரைப் பார்த்து நானும் நிறுத்திக்கொண்டேன்.)

ஆக, இந்தக் கதையில் கேள்வி ஒன்றே ஒன்றுதான். சுருங்குமா?

* என் கணவருக்கு மேலே இடம் போதவில்லை. அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். “இங்கேயே இருக்கேன், இதுதான் வசதி” என்றார்.

2

முதல் தொடக்கம்:

“பித்தக் குழாய் என்னும் இருண்ட சிற்றாற்றில் கோடி விளக்குகள் மிதந்து சென்றன. ஒவ்வொரு விளக்கும்…”

இதை எழுதியபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது, சந்தேகம் கேட்பதுபோல, “அந்தக் கதிர்வீச்சு மணியெல்லாம் பித்தக் குழாய் வழியாத்தானே போகும் டாக்டர்?” என்று கேட்டேன். பாராட்டை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அது.

“பித்தக் குழாயா? அந்தப் பக்கமே போகமாட்டோம்மா” என்றார்.

ஒரு துண்டுத் தாளில் கல்லீரலை வரைந்தார். பார்க்கச் செருப்பு மாதிரி இருந்தது. ரத்தக்குழாய் வழியாகத்தான் போவார்களாம். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ நுழைந்து, நூல் கனத்தில் ஒரு குழாயை உள்ளே ஓட்டிக்கொண்டே போய், கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் கிளையைக் கண்டுபிடித்து, அதன் வாசலில் நின்றுகொண்டு, தலைமுடியைவிடச் சன்னமான கண்ணாடி மணிகளை லட்சக்கணக்கில் ரத்தத்தோடு அனுப்புவார்கள். மணிக்குள் கதிர்வீச்சு. பெரும்பாலும் ஓர் அரிசிமணி நீளத்தைக்கூடத் தாண்டாது. கட்டிக்குள் போய் அடைத்துக்கொண்டு, அங்கேயே இருந்து, அங்கேயே சுடும். சில வாரங்களில் வீரியம் அடங்கிவிடும். மணிகள் மட்டும் வெறும் கண்ணாடியாக ஆயுசுக்கும் உள்ளேயே கிடக்கும்.

“நல்ல ஈரலையும் சுட்டுடாதா?” என்று கேட்டேன்.

“நல்ல ஈரலுக்குச் சாப்பாடு பெரும்பாலும் வேற குழாய்ல வருதும்மா. கட்டிதான் இந்தக் குழாயைப் பிடிச்சு உறிஞ்சிக்கிட்டு இருக்கு. அது வளர்ற வழியிலேயே போய் அதை அடிக்கறோம்.”

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், “ரூட்டே தெரியாம வண்டியை எடுத்துட்டியே எழுத்தாளரம்மா” என்று சொல்லிச் சிரித்தார். நடைவழியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆற்றையும் விளக்குகளையும் அடித்துவிட்டேன். முழுசாகத் தூக்கிப்போட மனசு வரவில்லை. அதனால்தான் உங்களிடம் காட்டினேன்.

இரண்டாம் தொடக்கம்: “அவளுக்கு அன்று பயமே இல்லை.” [பொய்.]

மூன்றாம் தொடக்கம்: “அவளுக்கு அன்று பயமாக இருந்தது.” [உண்மை. ஆனால் அக்கா படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். “இதுல நான் எங்க இருக்கேன்? யாருக்கு வேணா பயமா இருக்கும்” என்றார்.]

நான்காம் தொடக்கம் எழுத உட்கார்ந்தவள் எழுந்து போய், அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். இந்தக் கதை முழுக்க இப்படித்தான். இரண்டு வரிக்கு ஒரு முறை எழுந்துவிடுகிறேன். அடுப்பு, வாசற்கதவு, மாடியில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று. கேட்டால், ஏன் இப்படி நடக்கிறார் என்று கவலை. கேட்காவிட்டால் அதைவிடக் கவலை. பத்திகள் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தால் அதுதான் காரணம். உத்தி கித்தி என்று நினைத்துவிடாதீர்கள்.

3

மணிகளை எடுத்த எடுப்பில் அனுப்பிவிடுவதில்லை. முதலில் ஓர் ஒத்திகை நாள் உண்டு. அதே வழியில் குழாயை ஓட்டிப்போய், ஆபத்தில்லாத வேறு துகள்களை அனுப்பி, அவை எங்கெங்கே போய்ச் சேர்கின்றன என்று கேமராவில் பார்ப்பார்கள். கட்டியில் தங்கினால் சரி. தப்பி நுரையீரலுக்கோ இரைப்பைக்கோ நிறையப் போனால், உங்களுக்கு இந்தச் சிகிச்சை கிடையாது என்று அன்றே சொல்லிவிடுவார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் எழுதுகிற வழக்கம் மருத்துவத்திலும் இருக்கிறதே என்று. இதைப் பற்றி இங்கே ஒரு பக்கம் கட்டுரை மாதிரி எழுதியிருந்தேன். அக்கா அதன் குறுக்கே கோடு போட்டு, ஓரத்தில் “உள்ள போனது நான்” என்று எழுதிவிட்டார். எடுத்துவிட்டேன்.

ஒத்திகை நாளில் நடந்ததுதான் இந்தக் கதையின் நடு. அதைத்தான் நான் பார்க்கவில்லை. நடைவழியில் ஓர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.** ஆகவே உள்ளே இருந்தவர்கள் சொன்னதை அப்படியே வைக்கிறேன்.

அக்கா சொன்னது:

“தொடையில மரத்துப்போற ஊசி போட்டாங்க. தூங்க வைக்கல, முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். பக்கத்துல பெரிய டிவி. அதுல என் ரத்தக்குழாயெல்லாம் ரோடு போட்ட மாதிரி தெரியுது. டாக்டர் குழாயை ஓட்டிக்கிட்டே போறார். நல்லாத்தான் ஓட்டறார், குறை சொல்லக் கூடாது. நேராப் போனா கட்டின்னு எனக்கே தெரியுது. நேராப் போ, நேராப் போன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கேன். மனுஷன் பொசுக்குன்னு பக்கத்து சந்துல ஒடிச்சுட்டார். என்னைக் கேக்காம என் கால் போட்டுடுச்சு.”

பிரேக்கைத்தான்.

குழாய் நுழைந்திருந்ததும் அதே வலது தொடையில். கால் துள்ளிய துள்ளலில் குழாய் வழுக்கிக்கொண்டு பின்னால் வந்துவிட்டது. நுழைந்த இடத்தில் ரத்தம் கசிந்து தோலுக்கு அடியில் பரவ ஆரம்பித்தது.

டாக்டர் சொன்னது:

“நான் தப்பாத் திரும்பலம்மா. அது இரைப்பைக்குப் போற கிளை. அங்க மணி போச்சுன்னா புண்ணாயிடும். அது எந்த இடத்துல பிரியுதுன்னு பார்த்து வச்சுக்கத்தான் உள்ள எட்டிப் பார்த்தேன். அதுக்குள்ள இவங்க…” சொல்லிக்கொண்டே வந்தவர் சிரித்துவிட்டார். “இந்த வண்டியில உங்க பக்கம் பிரேக் கிடையாதும்மான்னு சொன்னேன். எல்லா வண்டியிலயும் இருக்கணும் டாக்டர்ங்கறாங்க.”

நர்ஸ் சொன்னது:

“ஒரு அலறல் கேட்டுச்சு. அலறினது டாக்டர்.”

கதைக்கு எதை எடுப்பது என்று ரொம்ப யோசித்தேன். நர்ஸ் சொன்னதுதான் சுருக்கமாக இருக்கிறது. அக்கா சொன்னதில் உயிர் இருக்கிறது. டாக்டர் சொன்னதுதான் சரி. அக்காவுக்கு வழி தெரியவில்லை. தெரிந்ததாக நினைத்தார். ரத்தத்தை அமுக்கி நிறுத்தி, மறுபடி குழாயை விட்டு, ஒத்திகையை எப்படியோ முடித்துவிட்டார்கள். துகள்கள் நுரையீரல் பக்கம் அதிகம் போகவில்லை. சிகிச்சை தரலாம் என்றார்கள். ஆனால் தொடை வீங்கி, ரத்தமும் குறைந்துவிட்டது. அது தேறும் வரைக்கும் சிகிச்சையைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

கொஞ்சம். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

 ** என் கணவர் உட்காரவில்லை. மருத்துவமனைக்கு வெளியே டிரைவிங் ஸ்கூல் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது கண்ணாடி பளபளவென்று இருந்தது. மறுபடியும் துடைத்தார்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதுவரை எழுதிய அக்கா நிஜ அக்காவைவிட இனிப்பாக இருக்கிறார். வாயைத் திறந்தால் ஜோக் அடிக்கிறார். வியாதிக்காரர்களைச் சிரிக்கச் சிரிக்க எழுதுவது எங்களைப் போன்றவர்களுக்குச் சௌகரியம். வாசகர்களும் நிம்மதியாகப் படிப்பார்கள். நிஜ அக்கா அந்த வாரம் ஒரு மாணவியைப் போனில் திட்டிய திட்டில் அந்தப் பெண் அழுதுவிட்டாள். டெஸ்ட்டில் தோற்றதற்காகத் திட்டினார். தன் தம்பி தட்டில் வைத்துக் கொண்டுவந்த சாப்பாட்டை, “பிச்சை போடறியா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். ஃபேன் சத்தத்துக்கு நான்தான் காரணம் என்றார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நோயாளி என்பதற்காகப் பிடித்துவிடாது.

[இந்தப் பத்தியின் கீழே அக்கா “சரி” என்று எழுதியிருக்கிறார். கதை முழுவதிலும் அவர் “சரி” என்று எழுதிய ஒரே இடம் இதுதான்.]

சாயங்காலம் மாடிக்குப் போனேன். காலைத் தலையணை மேல் நீட்டிப் படுத்திருந்தார். தொடையிலிருந்து முழங்கால் வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

“கொஞ்சம் தள்ளிப்போகும்னாரே டாக்டர். கொஞ்சம்னா எவ்ளோ?”

“கொஞ்சம்தான்க்கா.”

“அப்போ கட்டிக்கும் கொஞ்சம் டைம் கிடைச்சிருக்கு. இல்ல?”

நான் ஜன்னல் திரையைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

“தப்பு பண்ணா மிதிக்கணும்னுதான் இத்தனை வருஷமா இந்தக் காலை வச்சிருக்கேன். இப்போ என் காலே எனக்கு எமனா வந்துடுச்சோ?”

இதற்கு நான் சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதி வைத்திருந்தேன். மூன்றும் அருமையாக இருந்தன. ஒன்றில் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன். இன்னொன்றில் இரண்டு பேரும் மௌனமாக ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறோம். நிஜத்தில் நான் சொன்னது, “காபி போடட்டுமாக்கா?”

“போடு. சக்கரை தூக்கலா.”

கீழே வந்து பால் காயும் வரைக்கும் அழுதேன். அக்கா, இதைப் படித்தால் முதல் நிபந்தனையை மீறியதாகச் சொல்லாதீர்கள். அழுதது நான்தான், வாசகர்கள் இல்லை.

5

சிகிச்சை நாள்.

மணிகள் எங்கேயோ தூரத்தில் தயாராகி, கனமான ஈயப் பெட்டிக்குள் வந்து இறங்கின. அக்காவுக்கென்றே கணக்குப் போட்டு வரவழைத்தவை. இன்ன நாள், இன்ன நேரத்தில் இவ்வளவு வீரியம் என்று எழுதி வருகிறது. நேரம் போகப் போக வீரியம் குறைந்துகொண்டே இருக்கும். தாமதமானால் வீண்தான், வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது.

“ஆறிப்போறதுக்குள்ள பரிமாறணும், அதானே?” என்றார் அக்கா.

இந்த முறை தொடை வேண்டாம், மணிக்கட்டு வழியாகப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளே கொண்டுபோகும்போது நர்ஸ் பாதி விளையாட்டாக, “இன்னைக்குக் காலைக் கட்டிப்போட்டுடலாமா?” என்று கேட்டார்.

அக்கா விளையாடவில்லை. “கட்டிடுங்க. எனக்கே அது மேல நம்பிக்கை இல்ல” என்றார்.

மெத்தென்ற பட்டை ஒன்றால் வலது கணுக்காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். கதவு மூடும்வரை இதை நான் பார்த்தேன். யார் சொல்லியும் கேட்டு எழுதவில்லை.

எல்லாம் முடிந்ததும் கதிர்வீச்சுக் கண்காணிப்பாளர் கையில் ஒரு மீட்டரோடு வந்தார். அறையை விட்டு வெளியே வருகிற ஒவ்வொருவரையும் நிற்க வைத்து, கை, அங்கி, செருப்பின் அடிப்பக்கம் என்று எல்லாவற்றிலும் காட்டினார். ஒரு மணி சிந்தி யார் காலிலாவது ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடக் கூடாதாம். டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். மீட்டர் எங்கேயும் பெரிதாகச் சத்தம் போடவில்லை. கடைசியில் அக்காவின் வயிற்றுக்கு நேராகப் பிடித்தார். சடசடவென்று அடித்துக்கொண்டது.

“என்னைவிட ஜாஸ்தி பேசுதே” என்றார் அக்கா. மயக்கம் இல்லை. குரல் மட்டும் தளர்ந்திருந்தது.

சில நாட்களுக்குக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் ரொம்ப நேரம் ஒட்டி உட்காரக் கூடாது என்று கண்காணிப்பாளர் சொன்னார். மற்றவர்களும் கொஞ்சம் தள்ளியே இருப்பது நல்லது என்றார்.

“கார்ல பக்கத்து சீட்டுல உக்காரலாமா?”

“யார் பக்கத்துலங்க?”

“கத்துக்க வர்றவங்க பக்கத்துல.”

அவர் யோசித்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “கொஞ்ச நாள் லீவு விட்டுடுங்களேன்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்கூல் பலகைக்கு மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடினோம்.

6

மணிகள் வேலை செய்கின்றனவா என்று உடனே தெரியாது. சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் அக்காவுக்கு ஒரே அசதி. பேச்சின் நடுவில் தூங்கிவிடுவார். அடிக்கடி ரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டியிருந்தது. அதற்கு நான்தான் கார் ஓட்ட வேண்டும் என்று அடம்பிடித்தார். முன்பே ஒரு முறை எனக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்து, “உனக்கு ஸ்டியரிங்கைவிட வாய்தான் நல்லாத் திரும்புது” என்று கைவிட்டவர் இவர்.

“அவர் ஓட்டட்டுமேக்கா, உங்க தம்பி.”

“அவன் ஓட்டினா நான் வழிபூரா மிதிச்சுக்கிட்டே இருக்கணும். எனக்குத் தெம்பில்ல. நீ பயந்தாங்கொள்ளி, மெதுவாப் போவ.”

அப்படித்தான் நான் ஓட்டக் கற்றேன். எழுத்து மாதிரியேதான் அதுவும். எதிரே ஒன்றும் இல்லாதபோது நன்றாக வரும். லைசென்ஸ்கூட வாங்கிவிட்டேன்.

ஸ்கேன் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்து முடிவுகளை எழுதித் தள்ளினேன்.

முடிவு ஒன்று: கட்டி பாதிக்கு மேல் சுருங்கி, ரத்தக்குழாயை விட்டு விலகிவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுக்கிறார்கள். பலகையின் மேல் கிடந்த விரிப்பை அக்கா ஒரே இழுப்பில் உருவி… [அக்கா: “சினிமா.”]

முடிவு இரண்டு: சுருங்கவில்லை. டாக்டர் இந்த முறை தாளில் ஒன்றும் வரையவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா ஒரு தடவைகூடக் காலை அழுத்தவில்லை. அதைக் கவனித்த நான்… [இதில் அக்கா ஒன்றும் எழுதவில்லை. தாளில் காபி டம்ளர் வைத்த வட்டம் மட்டும் இருந்தது.]

முடிவு மூன்று: கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, ஆனால் போதாது. இன்னொரு முறை மணிகள் அனுப்பிப் பார்க்கலாம் என்கிறார்கள். [அக்கா: “இது முடிவா? இது அடுத்த அப்பாயின்ட்மென்ட்.”]

தாள்களை எடுத்துக்கொண்டு அவரே கீழே இறங்கி வந்தார். படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. சமையலறை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

“மூணையும் தூக்கிப் போடு. ரெண்டாவது கண்டிஷன் இன்னும் சொல்லலைல்ல? ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி கதையை முடிச்சுடணும்.”

“என்ன ஆச்சுன்னே தெரியாம எப்படிக்கா முடிக்கறது?”

“தெரிஞ்சப்புறம் முடிச்சா அது வேற கதையாயிடும். நீயே யோசிச்சுப் பாரு. நான் அன்னைக்கு பிரேக் போட்டேன்ல? நல்லதா வந்துச்சுன்னா அது ஜோக்கு. அந்த நிலைமையிலயும் எவ்ளோ தைரியம் பாரும்பாங்க. கெட்டதா வந்துச்சுன்னா, அதே பிரேக்குதான் காரணம். அன்னைக்கு மட்டும் காலை ஆட்டாம இருந்திருந்தாம்பாங்க. என் தம்பி வாயைத் திறந்து சொல்லமாட்டான். ஆனா நினைப்பான். நீ அதை அழகா வேற எழுதி வச்சுடுவ.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நான் தைரியமா எதுவும் பண்ணல. தப்பாவும் எதுவும் நினைக்கல. கால் போட்டுடுச்சு. அவ்வளவுதான் நடந்தது. அதை அப்படியே விட்டுடு.”

“வாசகர்கள் விடமாட்டாங்கக்கா. முடிவு எங்கன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும். எனக்கே தெரியாததை அவங்களுக்கு முன்கூட்டியே சொல்லணுமா?”

மறுத்துப் பேச என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் அவர் இதை எழுத்தைப் பற்றிய ஒரு கருத்தாகச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். சொல்லும்போது மேசைக்கு அடியில் அவர் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கருத்தாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

7

இதை மருத்துவமனை கார் பார்க்கிங்கில், ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. டாக்டர் இன்று சொல்வார். என் கணவர் முன்னாலேயே பஸ்ஸில் போய், உள்ளே எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார். (அடிக்குறிப்பிலிருந்து ஏறி வந்துவிட்டார், கவனித்தீர்களா? இன்று அவரைக் கீழே வைக்க எனக்கு மனசில்லை.)

நான்தான் ஓட்டிவந்தேன். வழியெல்லாம் அக்கா காலை மடக்கிப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு வந்தார். ஒரு முறைகூட மிதிக்கவில்லை. எனக்கு அதுவே உதறலாக இருந்தது. இரண்டாவது முடிவில் நான் எழுதியிருந்தது ஞாபகம் வந்துவிட்டது. மருத்துவமனை வாசலில் திரும்பினேன். எதிரே வண்டி இல்லை, ஆள் இல்லை, கேட் திறந்து கிடந்தது. கார் சட்டென்று குலுங்கி நின்றது.

“யாரும் குறுக்க வரலையேக்கா.”

“தெரியும்.”

அவர் காலை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. பாதி உள்ளே, பாதி வெளியே அப்படியே நின்றோம். எனக்கும் அந்த இடத்தில் நின்றுவிடலாம் போலத்தான் இருந்தது. என் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது. நானும் அதை மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை அடித்தது.

“சரி, போ” என்றார்.

இனி உங்களிடம். மூன்று முடிவுகளும் ஆறாம் பகுதியில் கிடக்கின்றன. தூக்கிப் போடச் சொன்னார், நான் போடவில்லை. வேண்டுமென்றால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவதாக உங்களுக்கு ஒன்று தோன்றினாலும் தோன்றும். எதை எடுத்தாலும் மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் அந்தப் பிரேக்கைத் தொடாதீர்கள். அது சகுனமும் இல்லை, வீரமும் இல்லை. எங்கேயாவது என்னைப் பார்த்தால் என்ன ஆயிற்று என்று கேட்கலாம், சொல்வேன். ஆனால் அது இந்தக் கதையில் இருக்காது. இந்தக் கதையில் அவருக்கு இன்னும் எதுவும் ஆகவில்லை.

அக்கா இறங்கிவிட்டார். கதவைச் சாத்திவிட்டு, வழக்கம்போலக் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். சக்கரம் கோட்டைத் தொட்டால்கூட, நேராகும் வரைக்கும் எடுத்து எடுத்து நிறுத்தச் சொல்லி ஆட்களை அழவைத்தவர். என் பக்கத்து ஜன்னலைத் தட்டினார். கண்ணாடியை இறக்கினேன்.

“பின் சக்கரம் கோட்டு மேல நிக்குது.”

“எடுத்து நேரா விடட்டுமாக்கா?”

சக்கரத்தைப் பார்த்தார். மருத்துவமனைக் கதவைப் பார்த்தார்.

“இருக்கட்டும்” என்றார். “திரும்பி வந்து சரி பண்ணிக்கலாம்.”